ஒரு மரம், ஒரு ருசி

பலாப்பழத்தைக் கண்ணால் பார்த்து அறுக்கக் கூடாது, காதால் கேட்டு அறுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் பெரியப்பா. அப்போது எனக்கு 12 வயது. சித்திரை மாதம், விடிந்தும் விடியாத நேரம். கிணற்று மேட்டு மரத்தின் முதல் கவட்டையில் என்னை உட்காரவைத்துவிட்டு, எதிரே தொங்கிய காயைக் காட்டி, "கண்ண மூடிக்கிட்டுத் தட்டுடா" என்றார். விரலை மடக்கி முட்டியால் தட்டினேன். டங்கென்று கெட்டியான சத்தம். "இது பச்சை. இன்னும் இருபது நாளு கெடக்கட்டும்." அடுத்த காயும் டங். மூன்றாவதைத் தட்டியபோது சத்தம் தோலில் நிற்காமல் உள்ளே இறங்கியது. பாதி நெல் உள்ள குதிரைத் தட்டினால் வருமே, அந்த மாதிரி தொப்பென்று கேட்டது. கண்ணைத் திறந்தேன். பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் கயிற்றை எடுத்துக் கையில் கொடுத்தார்.

சத்தத்துக்குத் துணையாக வேறு அடையாளங்களும் உண்டு. முற்றிய காயில் முள் அகன்று, கூர் மழுங்கி, ஒன்றுக்கொன்று இடம்விட்டு நிற்கும். பச்சை வெளுத்து மஞ்சள் தட்டும். காம்புக்கு அருகில் கடைசியாக இருக்கும் இலை பழுக்கும். பக்கத்தில் போனால் மெல்ல ஒரு வாசம் வரும். ஆனாலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருந்துவிட்டுச் சொல்கிறேன்: இவை எல்லாம் ஒரு பக்கம், தட்டிக் கேட்பது ஒரு பக்கம்.

எங்கள் நிலம் பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில், காடாம்புலியூர் தாண்டி உள்ளே போக வேண்டும். செம்மண் மேடு. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. பலாவுக்கு அதுதான் வேண்டும். காலில் தண்ணீர் தேங்கினால் மரம் சோர்ந்துபோகும். முந்திரிக்கு நடுநடுவே பலா, பலாவுக்கு நடுவே மானாவாரி மணிலாக் கடலை. இதுதான் எங்கள் பக்கத்துக் காடு. அப்பாவுக்கு விவசாயம் ஒரு கணக்கு. பெரியப்பாவுக்கோ ஒவ்வொரு மரமும் ஓர் ஆள். மரத்துக்கு மரம் பெயர் வைத்திருந்தார். பங்குனி கடைசியிலேயே தவறாமல் முதல் பழம் கொடுக்கும் மரத்துக்கு மணியக்காரன். சுளை செக்கச்செவேலென்று இருக்கும் மரத்துக்குச் செஞ்சுளை. காம்பை அறுத்ததும் பால் குடம் கவிழ்ந்த மாதிரி கொட்டும் மரத்துக்குப் பால்காரி. வரப்போரம் நின்ற, எங்கள் தாத்தா 1930-களில் விதை ஊன்றி வளர்த்த மரத்துக்கு வெல்லக்கட்டி.

பெயர் வைத்தது விளையாட்டுக்கு அல்ல என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. விதையிலிருந்து வந்த பலாமரங்களில் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. ஒரே பழத்தின் இரண்டு கொட்டைகளை ஒரே குழியில் அருகருகே ஊன்றினாலும், ஒன்று தேனாக வரும், ஒன்று சப்பென்று இருக்கும். ஒன்றின் சுளை நறுக்கென்று கடிபடும், மற்றொன்றின் சுளை கூழாக வழியும். கன்னியாகுமரிப் பக்கத்தில் இந்த இரண்டையும் வருக்கை என்றும் கூழன் என்றும் பிரித்துச் சொல்வார்கள். மகரந்தம் எந்த மரத்திலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் விதை போட்டு வளர்த்த ஒவ்வொரு மரமும் உலகத்தில் ஒரே ஒரு மரம். அந்த ருசியும் ஒரே ஒரு ருசி. அந்த மரம் போனால் ருசியும் போயிற்று. கொட்டையைச் சேர்த்துவைத்துப் பயனில்லை. முதலில், பலாக்கொட்டை சில வாரங்களுக்கு மேல் முளைக்கும் சக்தியோடு இருக்காது. அதை உடனே ஊன்றினாலும் வருவது அந்த மரத்தின் பிள்ளையாக இருக்குமே தவிர, அந்த மரமாக இருக்காது.

*

பலாவின் உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரும்பாலான மரங்கள் பூவையும் காயையும் இளங்கிளைகளில் வைத்திருக்கும். பலா தன் அடிமரத்திலும் பருத்த கிளைகளிலும் காய்க்கும். வயது ஏற ஏறக் காய் கீழே இறங்கிவரும். கிழட்டு மரத்தின் வேரில்கூடப் பழம் இருக்கும். மண்ணைப் பிளந்துகொண்டு வாசம் வந்தபிறகே சில வேர்ப்பலாவை நாங்கள் கண்டுபிடித்திருக்கிறோம். ஐப்பசி கார்த்திகை தொடங்கி மூசு, அதாவது பலாப்பிஞ்சு, விடும். ஆண் பூ தனி, பெண் பூ தனி, இரண்டும் ஒரே மரத்தில். ஆண் பூக்கதிர் தன் வேலை முடிந்ததும் கறுத்து உதிரும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த என் மனைவி, முதல் வருடம் மரத்தடியில் இறைந்து கிடந்ததைப் பார்த்து, இந்த வருடக் காயெல்லாம் கொட்டிவிட்டதே என்று பதறிப்போனாள். "அது ஆம்பளப் பூவும்மா, விழத்தான் விழும்" என்று எங்கள் ஆயா சமாதானம் சொன்னார்.

ஒரு பழம் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு பழமல்ல. நூற்றுக்கணக்கான பெண் பூக்கள் ஒரே தண்டைச் சுற்றி ஒட்டிக்கொண்டு சேர்ந்து பழுத்த கூட்டம் அது. சூல் பிடித்த ஒவ்வொரு பூவும் ஒரு சுளை. சூல் பிடிக்காத பூக்கள் சுளைகளுக்கு நடுவே சடையாகக் கிடக்கும். வெளியில் தெரியும் ஒவ்வொரு முள்ளுக்குப் பின்னாலும் ஒரு பூ இருந்திருக்கிறது. கோணலாக, ஒரு பக்கம் குழிந்து கிடக்கும் பழத்தை வாங்காதீர்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். குழிந்த இடத்தில் பூக்கள் சூல் பிடிக்கவில்லை. அங்கே வெட்டினால் சடைதான் இருக்கும். ஒரே சீராக உருண்ட பழமாகப் பார்த்து எடுங்கள்.

தை, மாசியில் மூசு திரண்டதும் குத்தகை வியாபாரி வருவார். மரத்தைச் சுற்றி வந்து, அண்ணாந்து பார்த்து, நிற்கும் மூசில் எத்தனை தேறும், எது எத்தனை கிலோ வரும் என்று மனசுக்குள் எண்ணி, ஒரு தொகை சொல்வார். காயே ஆகாத ஒன்றுக்கு விலை பேசுவது இது. நடுவில் காற்று அடித்தால், மழையில் மூசு அழுகினால், நட்டம் அவருக்கு. பழம் நிறைந்து வந்தால் லாபமும் அவருக்கே. பண்ருட்டியில் சொன்ன சொல்லுக்காக நட்டத்தைத் தாங்கிய வியாபாரிகளை நான் பார்த்திருக்கிறேன். அறுப்புக் காலத்தில் பணிக்கன்குப்பம் சாலை முழுக்கப் பழம் மலையாகக் குவிந்து கிடக்கும். லாரிகள் கோயம்பேட்டுக்கும் வெளிமாநிலங்களுக்கும் போகும்.

அறுப்பது தனிக் கலை. மேலே ஏறியவர் முதலில் காம்பில் கயிற்றைக் கட்ட வேண்டும். கயிறு கிளையின் மேல் ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும், அப்போதுதான் பாரத்தைக் கிளை வாங்கும். அதன் பிறகே காம்பில் அரிவாள் வைக்க வேண்டும். கீழே நிற்பவர் கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பிள்ளையை இறக்குவதைப்போல இறக்க வேண்டும். விழுந்த பழம் வெளியே முழுதாகத் தெரியும். உள்ளே அடிபட்ட சுளை ஒரே நாளில் நொந்து புளித்துவிடும். இறக்கிய பழத்தைக் காம்பு கீழே பார்க்கச் சாய்த்துவைத்துப் பாலை வடியவிட வேண்டும். வெட்டும்போது கைக்கும் கத்திக்கும் எண்ணெய் தடவ வேண்டும். பலாப் பால் ஒட்டினால் சோப்புக்குப் போகாது, எண்ணெய்க்குத்தான் போகும்.

என் வாழ்க்கையில் ஒரு வருடம் நான் சத்தத்தைக் கேட்காமல் சந்தையைக் கேட்டேன். பெரியப்பா படுத்த படுக்கையாகிவிட்ட வருடம் அது. பங்குனியில் விலை ஏறியிருந்தது. முந்தி அனுப்பினால் காசு என்று, டங்கென்று சொன்ன காய்களையும் சேர்த்து 60 காய் அறுத்து ஏற்றிவிட்டேன். முற்றுவதற்குச் சற்று முன்பே அறுத்தாலும் பலா பழுக்கும், மஞ்சளாகும், வாசம்கூட வரும். இனிப்பு மட்டும் வராது. இரண்டு வாரம் கழித்து வியாபாரி வந்தார். அவர் திட்டவில்லை. "உங்க தோட்டத்துப் பழம்னு சொல்லி வித்தேன்" என்று மட்டும் சொன்னார். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த ஒரு வாக்கியத்தை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அன்றுமுதல் எங்கள் தோட்டத்தில் நான் தட்டாத காய் எதுவும் கீழே இறங்கியதில்லை.

*

ஒரு பலாப்பழத்தை ஒரு வீடு தனியாகத் தின்ன முடியாது. இந்த மரத்தின் பெருமை எது என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். 15 கிலோ, 20 கிலோ பழத்தை வெட்டினால் தெரு முழுக்க வாசம் போய்விடும். மறைத்துத் தின்ன முடியாத பழம் இது. எங்கள் வீட்டில் வெட்டுகிற நாளில் ஆயா திண்ணையில் சாக்கு விரித்து உட்காருவார். போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் இலையில் சுளை. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கும் ஒரு தட்டு போகும், பிள்ளைகள் கையில். தட்டு திரும்பி வரும்போது வெறும் தட்டாக வராது. பல சண்டைகள் எங்கள் தெருவில் ஆனி மாதத்தில்தான் தீர்ந்திருக்கின்றன.

முதல் பழம் ஐயனாருக்கு. இரண்டாவது, கட்டிக்கொடுத்த பெண்களின் வீட்டுக்கு. பேருந்தில் சாக்குக்குள் ஒரு பலாப்பழத்தோடு போய் இறங்கினால், பெண்ணுக்குப் புகுந்த வீட்டில் அன்றைக்கு மரியாதை தனி. கொட்டையையும் வீணாக்க மாட்டோம். செம்மண்ணில் புரட்டிக் காயவைத்துப் பானையில் போட்டு மூடினால் ஆடி, ஆவணி வரைக்கும் கருவாட்டுக் குழம்புக்கு ஆகும். மூசில் பொரியல். தோலும் சடையும் மாட்டுக்கு. இலை ஆட்டுக்கு.

பள்ளிக்கூடத்தில் பலாவை முக்கனிகளில் ஒன்று என்று படித்தோம். அதற்கு மேல் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சமும் என்னைவிட்டுப் போகவில்லை. பாரியின் பறம்பு மலையைப் பாடிய கபிலர், உழவர் உழாமலே அந்த மலை தரும் நான்கு விளைபொருள்களைச் சொல்கிறார். மூங்கில் நெல், வள்ளிக்கிழங்கு, தேன் ஆகியவற்றோடு பலாவும் அதில் ஒன்று. மூவேந்தரும் முற்றுகையிட்டாலும் பறம்பு பட்டினி கிடக்காது என்பதற்கு அவர் காட்டிய சாட்சி அது. அதே கபிலர் குறுந்தொகையில், சிறு கொம்பில் பெரும்பழம் தொங்குவதைத் தலைவியின் சிறிய உயிருக்கும் பெரிய காதலுக்கும் உவமையாக்குகிறார். ஒரு தமிழாசிரியர் இதை எனக்கு விளக்கியபோது நான் என் கையைப் பார்த்துக்கொண்டேன். கட்டைவிரல் பருமனுள்ள காம்பில் 20 கிலோ தொங்குவதைக் கயிறு கட்டும்போதெல்லாம் தொட்டுப் பார்த்த கை அது. அந்தக் காம்பை அருகில் போய்ப் பார்க்காத ஒருவரால் அப்படி எழுத முடியாது.

குற்றாலத்தில் பலாவே தலமரம். குறும்பலா என்பது அதன் பெயர். திருஞானசம்பந்தர் அந்தப் பெயராலேயே ஒரு பதிகம் பாடியிருக்கிறார். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் பலாக்காயை வேகவைத்துச் சோற்றுக்குப் பதிலாக உண்கிறார்கள். சிங்களத்தில் பலாவுக்குச் சோற்று மரம் என்றே ஒரு பெயர் இருக்கிறது. சென்ற நூற்றாண்டில் அங்கே ஆர்தர் வி. டயஸ் என்பவர், பஞ்சம் வந்தால் மக்களைக் காப்பது பலாதான் என்று நாடெங்கும் பலா நடச்சொல்லி இயக்கமே நடத்தினார். அவரை மக்கள் கோஸ் மாமா, அதாவது பலா மாமா, என்று அழைத்தார்கள். வங்கதேசத்துக்குத் தேசியப் பழம், கேரளத்துக்கு 2018 முதல் மாநிலப் பழம், நமக்கும் மாநிலப் பழம் பலாதான். இத்தனை பேர் கொண்டாடும் மரம், எங்கள் வரப்பில் ஆட்டைக் கட்டிப்போடுகிற மரமாக நின்றுகொண்டிருந்தது.

*

வெல்லக்கட்டியைப் பற்றிச் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

அதன் பழம் பெரிதல்ல, 10 கிலோவைத் தாண்டாது. சுளை அடர்ந்த மஞ்சள். கடித்தால் நறுக்கென்று உடையும். முதலில் ஒரு குளிர்ந்த இனிப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் பனைவெல்லத்தின் வாசம் நிற்கும். அதை விற்றதே இல்லை. கல்யாணம், காதுகுத்து, ஊருக்கு வந்த விருந்தாளி, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் என்று எல்லாருக்கும் அதிலிருந்துதான் போகும்.

1990-களின் கடைசியில் ஒரு தோட்டக்கலை அலுவலர் எங்கள் வீட்டுக்கு வந்தார். சுளையைத் தின்று பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இந்த மரத்துல பத்து குச்சி எடுத்து ஒட்டுக் கட்டி வச்சிடுங்கய்யா. பாலூர் ஒன்று ரகமும் இப்படி உங்க பணிக்கன்குப்பத்துல கண்டெடுத்த மரம்தான். வருஷத்துக்கு ரெண்டு தடவ காய்க்குதுன்னு பாத்து, ஆராய்ச்சி நிலையத்துல அதை ஒட்டுக் கட்டிப் பெருக்கினாங்க. இல்லேன்னா அது என்னைக்கோ விறகாப் போயிருக்கும்" என்றார். செய்கிறேன் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். அறுப்பு முடியட்டும் என்று விட்டேன். அப்புறம் மழை முடியட்டும். அப்புறம் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. 70 வருடமாக நிற்கும் மரம் நாளைக்கும் நிற்கும் என்று நினைத்துவிட்டேன்.

2011 டிசம்பர் 30. தானே புயல் விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. கடல் எங்களுக்கு ஒன்றும் பக்கமல்ல. அந்தக் காற்றுக்கு அது ஒரு தூரமே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். ஓட்டு வீட்டின் கூரை தட்தட்டென்று எழும்பி எழும்பி விழுந்தது. அதற்கும் மேலே, தோட்டத்திலிருந்து மரம் முறிகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஆயுள் முழுக்க சத்தம் கேட்டே பிழைத்தவன் நான். அந்தச் சத்தத்தைக் கேட்காமலிருக்க அன்றைக்குக் காதைப் பொத்திக்கொண்டேன்.

காற்று அடங்கி வெளியே வந்தால், எங்கள் வீட்டு வாசலிலிருந்து பக்கத்து ஊர்க் கோயில் தெரிந்தது. அதுவரைக்கும் அது தெரிந்ததே இல்லை. நடுவில் மரம் நின்றது. முந்திரியெல்லாம் வேரோடு சாய்ந்து ஒரே திசையில் படுத்துக் கிடந்தது. மணியக்காரன் நடுவில் முறிந்திருந்தது. செஞ்சுளை ஒரு கிளையோடு நின்றது. வெல்லக்கட்டி பக்கவேர்கள் பிய்ந்து முழு உடம்பாக வரப்பில் விழுந்திருந்தது. அடிமரத்தில் விரல் நீளத்துக்கு மூசு விட்டிருந்தது. மரம் விழுந்தது அந்த மூசுக்குத் தெரியவில்லை. பச்சையாக நின்றது.

மறுநாளும் அதற்கு மறுநாளும் பாதையை ஒழுங்கு பண்ணுவதிலேயே போயிற்று. மூன்றாம் நாள் நினைவு வந்து ஓடினேன். தளிர்க் குச்சியாகப் பார்த்து 40 வெட்டினேன். ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு போய், தெரிந்த நர்சரியில் வேர்ச்செடி வாங்கி, ஒட்டுக் கட்டத் தெரிந்த ஒருவரை வைத்து அன்றைக்கே கட்டினோம். ஒட்டுக்குக் குச்சி என்றால் உயிரோட்டமுள்ள மரத்தில், வாரம் பத்து நாளுக்கு முன்பே இலையைக் கிள்ளி, மொட்டு திரளவைத்து எடுக்க வேண்டும். நான் எடுத்ததோ வேரற்று மூன்று நாள் கிடந்த மரத்தின் குச்சி. மாசி பிறப்பதற்குள் நாற்பதும் காய்ந்துவிட்டது. கடைசி ஒன்று மட்டும் காய்வதற்கு முன் ஓர் இலை விட்டது. அந்த இலையைப் பத்து நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

*

விழுந்த மரத்தை வாங்க வியாபாரிகள் வந்தார்கள். மாவட்டமே விழுந்து கிடந்ததால் விலை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. வெல்லக்கட்டியின் அடிமரத்தை மட்டும் விறகுக்கோ பலகைக்கோ கொடுக்க மனம் வரவில்லை. பண்ருட்டி பழத்துக்குப் பெயர்போன அளவுக்கு மரத்துக்கும் பெயர்போன ஊர். தஞ்சாவூர் வீணைக்கும் மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் எங்கள் பலாமரம் போகிறது. மிருதங்கக் கட்டை கடையும் ஒருவரைத் தேடிப்போய் அழைத்துவந்தேன். அவர் சாய்ந்து கிடந்த மரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, விரலை மடக்கி, முட்டியால் தட்டினார். கொஞ்சம் நகர்ந்து மறுபடியும் தட்டினார். பெரியப்பா காயில் தட்டிய அதே தட்டு.

"நல்ல வைரம் பாஞ்ச மரம். விதையில வந்ததுதானே?" என்றார். ஆமாம் என்றேன். "இந்த மாதிரி கெழட்டு மரத்துலதான் நாதம் நிக்கும். இதுல மூணு கட்டை எடுக்கலாம்."

சில மாதங்கள் கழித்து அவர் பட்டறைக்குப் போனேன். மரத்தின் உள்பக்கம் அதன் சுளையைப்போலவே மஞ்சளாக இருந்தது. குடைந்து முடித்த கட்டையை என் கையில் கொடுத்தார். இன்னும் தோல் போர்த்தவில்லை, வலந்தலையில் கருஞ்சோறு ஏறவில்லை, வெறும் மரம்தான். தட்டிப் பார்த்தேன். உள்ளே காற்று அதிர்ந்தது. அந்த மரம் எங்கேயோ ஒரு மேடையில் பேசிக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு ஆறுதல்தான். ஆனால் ருசியை மிருதங்கத்தில் கேட்க முடியாது. என் பேரப்பிள்ளைகளுக்கு வெல்லக்கட்டி என்பது நான் சொல்லும் ஒரு கதை.

அதிலிருந்துதான் இந்த வேலையைத் தொடங்கினேன். ஒட்டுக் கட்டக் கற்றுக்கொண்டேன், 50 வயது தாண்டியபின். இரண்டு மூன்று மாத வேர்ச்செடியின் தலையைச் சீவி, நடுவில் பிளந்து, பென்சில் பருமனுள்ள குச்சியை ஆப்புபோலச் சீவி அதில் இறக்கி, பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றி, மேலே ஓர் உறை போட்டு மூட வேண்டும். பால் ஓடும் மரம் என்பதால் பலா எளிதில் ஒட்டாது. கத்தி மழுங்கியிருந்தாலோ கை தயங்கினாலோ இரண்டு வெட்டும் சேராது. முதல் வருடம் பத்துக்கு இரண்டு பிடித்தது. இப்போது பத்துக்கு ஆறேழு பிடிக்கிறது. ஒட்டு மரம் நாலைந்து வருடத்தில் காய்க்கும், விதை மரம் ஏழெட்டு வருடம் ஆகும். ஆனால் எனக்கு அந்த அவசரம் முக்கியமில்லை. ஒட்டில் வருவது பிள்ளை மரமல்ல, அதே மரம். முக்கியம் அதுதான்.

புயலுக்குத் தப்பிய கிழட்டு மரங்கள் எந்த ஊரில், எந்த வீட்டுக் கொல்லையில் நிற்கின்றன என்று விசாரித்துக்கொண்டு மொபெட்டில் போவேன். மரத்துக்கு உடையவரிடம் இரண்டே கேள்வி. இதன் பழம் எப்படியிருக்கும்? உங்கள் வீட்டில் இதை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்? அநேகமாக எல்லா மரத்துக்கும் ஒரு பெயர் இருக்கிறது. இதுவரை 23 மரங்களை ஒட்டுக் கட்டிக் கொண்டுவந்திருக்கிறேன். வெல்லக்கட்டி நின்ற வரப்பு தொடங்கி வரிசையாக நட்டிருக்கிறேன். பண்ருட்டிப் பலாவுக்கு இப்போது புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மகிழ்ச்சி. அந்தப் பெயருக்குள் இருப்பது ஒரு ருசியல்ல, ஆயிரம் ருசி என்பதை மறந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

2014-இல் பக்கத்து ஊரில் ஒரு பாட்டியின் கொல்லையில் ஒரு மரம் பார்த்தேன். மரம் விலை பேசி முடிந்துவிட்டது, அடுத்த வாரம் ஆள் வருகிறது என்றார். வீட்டுக்காரருக்கு வைத்தியச் செலவு. மரத்தை நிறுத்தச்சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? வெட்டுவதை ஒரு வாரம் தள்ளிப்போட மட்டும் கேட்டேன். அன்றே இலையைக் கிள்ளிவிட்டு வந்து, எட்டாம் நாள் குச்சி எடுத்தேன். "இத எடுத்துக்கினு போயி என்னப்பா பண்ணப்போற?" என்று கேட்டார். "உங்க மரத்த வளக்கப்போறேன் பாட்டி" என்றேன். அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை.

ஐந்து பிடித்தது. 2019 வைகாசியில் ஒரு கன்றில் நிறுத்திவைத்த முதல் காய் தொப்பென்று சொன்னது. நாலு கிலோகூட இருக்காது. எடுத்துக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகியிருந்தது. கொல்லையில் மரம் இருந்த இடத்தில் துணி காயும் கொடி. திண்ணையில் உட்கார்ந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, நானே பிளந்து ஒரு சுளையை எடுத்துக் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டார். மெதுவாக மென்றார். ஒன்றும் சொல்லவில்லை. சுளைக்குள்ளிருந்த கொட்டையைக் கையில் துப்பி, மேல்தோலை உரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு முனை முந்திரிக்கொட்டைபோல லேசாக வளைந்திருந்தது.

"இந்த வளைவு எங்க மரத்துக் கொட்டைக்குத்தாம்பா உண்டு" என்றார். பிறகு எழுந்து உள்ளே போய் ஒரு தட்டு எடுத்துவந்தார். சுளைகளை எண்ணி எண்ணி அதில் வைத்தார். எதிர் வீட்டைப் பார்த்து, அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையைக் கூப்பிட்டார்.